இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்



கெல்சென்கிர்ச்சனில் எமது பிள்ளைகள் கணிதத்தை டொச் மொழியில் படிக்கிறார்கள். பிள்ளை "டைலர்" என்றால் தையற்காரரைத் தேட வேண்டாம். நாம் ஊரில் படித்த காரணிதான் அது. "பிறீம்சால்" என்பது முதன்மை எண். இந்த இரண்டு சொற்களும் பிடிபட்டால், மொழி தெரியாதென்று வீட்டுப்பாடத்திலிருந்து நாம் ஒதுங்கத் தேவையில்லை.

இம்முறை நாம் எடுத்துக்கொள்வது 6 746 328 388 800 என்ற எண். எமது கணக்கில் 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88,800.

முதலில் சிறிய எண் ஒன்று. 12ஐ மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இப்படித் தனக்குக் குறைந்த எல்லா எண்களையும் காரணிகளில் மிஞ்சும் எண்களைத்தான் இராமானுஜன் ஆராய்ந்தார். நாளின் 24 மணி, 60 நாழிகை, வட்டத்தின் 360 பாகை எல்லாம் இவ்வினமே. பங்கு பிரிக்கச் சிரமம் தராதவை. நாம் பெரிதாக மதிக்கும் 108 இதில் சேராது. அதற்குள்ள 12 காரணிகளும் 60க்கே கிடைத்துவிடுகின்றன. அதனால் 108க்கு ஒரு குறையுமில்லை!

இராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாவுக்கு எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். கணக்கு எழுதும் எம்போன்றோருக்கு இதில் ஒரு தனிப் பெருமை. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் இவ்வெண்கள் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதற்காகவே பட்டமும் பெற்றார். சங்கத்துக்கு அப்போது பணமுடை. செலவைக் குறைக்க ஒரு பகுதியை அவரே நிறுத்திவைத்தார். அது 1997இல்தான் அச்சேறியது.

அக்கட்டுரைப் பட்டியலின் கடைசி எண்ணே நாம் எடுத்தது. உடைத்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10 080. இத்தனை காரணிகள்!

முதன்மை எண்கள் 23 வரை இடைவிடாமல் வருவதையும், அடுக்குகள் எங்கும் ஏறாததையும் கவனியுங்கள். 20 = 2²×5. இதில் 3ஐத் தாண்டி 5 வந்துள்ளது. 5க்குப் பதில் 3 வைத்தால் 12. காரணிகள் அதே ஆறு, எண்ணோ சிறியது. ஆகவே 20 தோற்றுவிடுகிறது. அடுக்கு ஏறினாலும் இதே கதைதான்: 18 = 2×3², அதுவும் 12இடம் தோற்கும்.

நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அப்பட்டியலில் ஒன்று மட்டும் விடுபட்டது: 293 318 625 600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அதுவே. கணிப்பொறியில்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு அது. ஒரு வரி தவறியதைவிட, மற்ற வரிகள் அத்தனையும் சரியாக இருப்பதே எமக்கு வியப்பு.

விடுபட்ட எண்ணின் காரணிகளைப் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். விடை 5040. பிறகு அந்த 5040ஐயும் உடைக்கட்டும்: 2⁴ × 3² × 5 × 7, காரணிகள் 60. அதுவும் இதே இனத்து எண்தான்.