மவுஸ் மக்கர் பண்ணினால்...

புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி, திருநாவலூரில் எங்கள் வீட்டில் என் வயர்லெஸ் மவுஸ் படுத்துவிட்டது. மல்டிமீட்டரில் செல் 1.4 வோல்ட் காட்டியது. (லோடு இல்லாமல் அளந்தால் தேய்ந்த செல்லும் நல்ல பிள்ளை மாதிரிதான் காட்டும்!) புது செல் போட்டேன். ம்ஹூம்.

மவுஸையும் ரிசீவரையும் எதிர்வீட்டு அண்ணன் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனேன். ஜம்மென்று ஓடியது! அப்போ கோளாறு மவுஸில் இல்லை. என் மேஜையில் மட்டும் என்ன?

ரிசீவரை ஒட்டியே யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க். ரிப்போர்ட் ஃபைல்கள் காப்பி ஆகிக்கொண்டிருந்தன. இந்த மாதிரி ரிசீவர் வைத்த மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. யு.எஸ்.பி. 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு அனுப்பும்போது, அதன் கனெக்டரிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசியும் ரேடியோ இரைச்சல் அதே அலைவரிசையிலும் விழுகிறது. மவுஸின் மெல்லிய சிக்னல் அதில் அமுங்கிப்போகும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

பழைய யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று கிடந்தது. அதில் ரிசீவரைச் சொருகி, டிஸ்க்கை விட்டுத் தள்ளி, மவுஸ் பக்கத்தில் வைத்தேன். அம்புக்குறி நகர்ந்தது! புது மவுஸுக்கு அப்பாவிடம் காசு கேட்க இருந்தேன், கேட்கவில்லை. ரிப்போர்ட் முடிய மணி இரண்டு.