மூட்டு வலுவற்ற நாய்க்குட்டியின் நடையும் விளையாட்டும்

மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் ஓடாத நம் கடற்கரைச் சாலையில், நாயுடன் உலாவ வருவோர் பலர். தோழியரே, அவர்கள் அழைத்து வரும் லாப்ரடார், அல்சேஷன் குட்டிகளைச் சற்று உற்றுப் பாருங்கள். சில குட்டிகள் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல் போலத் துள்ளி ஓடும். எங்கள் வீட்டு லாப்ரடார் குட்டி ராஜாவும் அப்படித்தான் ஓடியது. நாங்களும் கண்டு சிரித்தோம். ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலை அது படுத்த இடத்திலிருந்து எழ முடியாமல் முனகியபோதுதான், அது சிரிப்பதற்குரிய செய்தி அன்று எனத் தெரிந்தது.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் பந்து பொருந்தியது போன்ற அமைப்புடையது. தொடை எலும்பின் தலையே பந்து. கிண்ணம் ஆழமின்றி அமைந்தாலும், மூட்டைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருந்தாலும் பந்து நிலைகொள்ளாமல் ஆடும், குருத்தெலும்பு தேயும், வலி பிறக்கும். இதனை மருத்துவர்கள் 'ஹிப் டிஸ்ப்ளேசியா' என்பர். இது பரம்பரையாக வருவது. ஆயினும் குட்டி வளரும் மாதங்களில் உண்ணும் உணவும் ஆடும் ஆட்டமும் இக்குறையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை.

நாங்கள் செய்த தவறுகள் இரண்டு. முதலில், "நன்றாக ஓடினால்தான் கால் உறுதிப்படும்" என்று காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை நாள்தோறும் ஓட்டிச் சென்றோம். வலி கண்ட பின்போ, அஞ்சி நாள் முழுதும் கட்டியே வைத்தோம். கட்டிப்போட்டால் தொடைத் தசை மெலியும். தளர்ந்த மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அத்தசைதான் என்று கால்நடை மருத்துவர் விளக்கியபோது எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

நார்வே நாட்டில் சுமார் 500 பெரிய இனக் குட்டிகளைக் கவனித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பிறந்த மூன்று மாதங்களுக்குள் நாள்தோறும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இக்கோளாறு மிகுந்திருந்தது; மென்மையான, சிறு மேடுபள்ளமான தரையில் கட்டின்றித் தம் விருப்பம்போல் திரிந்தவற்றுக்குக் குறைந்திருந்தது. ஆகவே ஆட்டம் வேண்டும்; அதன் அளவைக் குட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது ராஜாவுக்கு வெயில் ஏறுமுன் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் மெதுநடை. அது உட்கார்ந்தால் நாங்களும் நிற்கிறோம். புதைமணலில் கால் இழுபடுவதால், அலை வந்து இறுகிய ஈரமணலே நல்லது. பந்தை உயர எறிவதில்லை. எகிறிப் பிடித்துச் சட்டெனத் திரும்புவது மூட்டுக்கு ஆகாது. தரையில் மெல்ல உருட்டுகிறோம். துடைப்பக் கட்டைகளை இடைவெளி விட்டுத் தரையில் கிடத்தி, ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்க வைக்கிறோம். காலைத் தூக்கி வைக்கப் பழகுகிறது. அதற்கு மிகவும் பிடித்த விளையாட்டு, சாக்குகளுக்கடியில் ஒளித்த முறுக்குத் துண்டை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பது. (பாட்டி மட்டும் பெரிய துண்டாக ஒளிப்பார்!) மறுநாள் நொண்டினால் அன்று ஆட்டம் பாதிதான்.

வழவழப்பான மொசைக் தரையில் கால் வழுக்கும். ராஜா நடமாடும் இடமெல்லாம் கயிற்றுப்பாய் விரித்திருக்கிறோம். மாடிப்படிக்குப் பலகை அடைப்பு.

உணவே பெரிய செய்தி. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளுள் பாதிக்கு, எட்டாம் வாரம் முதல் ஆயுள் முழுதும் 25 சதவீதம் குறைவாக உணவு தந்து பார்த்தனர். 2002-இல் வெளிவந்த முடிவின்படி, ஒல்லியாக வளர்ந்தவற்றுக்கு மூட்டுத் தேய்வு குறைந்தும் பிந்தியும் வந்தது. அவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாகவும் வாழ்ந்தன. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கால் வலுக்கட்டும் என்று சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தாமாக ஊட்டுவது வளரும் எலும்பைக் கெடுக்கும். நாம் உண்ணும் வலி மாத்திரைகளைத் தருவதோ அதனினும் கேடு. ஐபுபுரூபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

உங்கள் வீட்டுக் குட்டி முயல்போல் துள்ளினாலோ, எழத் தயங்கினாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள். நம் ஊரிலேயே குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராஜாவுக்கு இப்போது பதினான்கு மாதம். காலையில் தானாகவே எழுந்து, என் பள்ளிப் பையை மோப்பம் பிடிக்க வருகிறது.