கட்டைவிரல் காயமும் கத்தியில்லா மருத்துவமும்

நம் கைவிரல்களில் தனித்து நிற்பது கட்டைவிரல். ஆயினும் மற்ற நான்கு விரல்களையும் எதிர்கொண்டு, பொருளைப் பற்றிக்கொள்ள உதவுவது அதுவே. ஏகலைவன் குருதட்சிணையாக அளித்தது எந்த விரல் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் வலிய நாருக்குத் தசைநார் என்று பெயர். கட்டைவிரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரலை நோக்கிய பக்கத்தில் இத்தகைய நார் ஒன்று உண்டு. வேகமாக வரும் கூடைப்பந்து விரலை வெளிப்புறமாக வளைத்தாலோ, ஓடும்போது கையூன்றி விழுந்தாலோ இந்நார் கிழியக்கூடும். கையில் கோலுடன் விழும் பனிச்சறுக்கு வீரர்களுக்கும் இக்காயம் மிகுதியாக ஏற்படுகிறது. விரலடியில் வலி, வீக்கம், கன்றிப்போதல், கிள்ளிப் பிடிக்க இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள்.

உடனே செய்ய வேண்டியவை எவை? ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மோதிரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் ஒற்றி, கையை உயர்த்தி வைக்க வேண்டும். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி இழுத்து நீவுதல் கூடாது. பாதி கிழிந்த நார் அதனால் முழுவதும் கிழிந்துவிடலாம்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு பெயர்ந்துள்ளதா என்று பார்ப்பார். நார் ஓரளவே கிழிந்து, மூட்டு உறுதியாக இருந்தால் அறுவை தேவையில்லை. 4 முதல் 6 வாரம் வரை அடிமூட்டு அசையாதபடி சிம்போ மாவுக்கட்டோ போடுவர். நுனிமூட்டை மட்டும் அசையவிடுவர். கட்டைப் பிரித்தபின் விரலை மெல்ல மடக்கி நீட்டிப் பழக வேண்டும்; பிறகு மென்பந்தை அழுத்தி வலுவேற்ற வேண்டும். முழு வலிமையுடன் பற்றுவதற்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகலாம்.

எல்லாக் கிழிசலும் இவ்வாறு ஆறிவிடுமா? ஆறாது. முற்றிலும் அறுந்த நாரின் முனை, அருகிலுள்ள தசைப்படலத்தின் மேலே ஏறிக்கொண்டால், மீண்டும் தன் இடத்தைச் சேர முடியாது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஸ்டெனர் இதனை 1962-ல் விளக்கினார். எத்தனை வாரம் கட்டுப் போட்டாலும் அது ஒட்டாது. அறுவை மருத்துவமே வழி. எந்த வகைக் கிழிசல் என்பதை மருத்துவர்தாம் சொல்ல முடியும். ஆகவே காலந்தாழ்த்தலாகாது.

அன்புத் தோழியரே! இறுதிப் போட்டியில் ஆட வேண்டும் என்ற ஆசையால் வலியை ஆசிரியையிடம் மறைக்காதீர்கள். ஒரு போட்டி போனால் அடுத்த ஆண்டு மற்றொன்று வரும். தளர்ந்த கட்டைவிரலோ எழுதுகோல் பிடிப்பதையும் சாவி திருப்புவதையும்கூட வாழ்நாள் முழுதும் துன்பமாக்கிவிடும். பொறுத்திருப்பதும் விளையாட்டு வீராங்கனைக்கு அழகே.