பேடண்ட் போட்ட எலும்பு

கண்ணமங்கலத்தில் காலை உடைத்துக்கொண்டவருக்கு மூன்று வழிகள் உண்டு. வேலூர் பஸ் ஏறினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இறங்காமல் இன்னும் கொஞ்சம் போனால் சி.எம்.சி. கத்திக்குப் பயந்தவர்களுக்கு ஆந்திராவில் புத்தூர்க் கட்டு. எந்த வழியில் போய் வந்தாலும் கட்டோடு நாலைந்து நம்பிக்கைகளும் வீடு வந்து சேர்ந்துவிடும். இப்போது அவற்றோடு ‘பேடண்ட் வாங்கின ஐட்டமாம்’ என்பதும் சேர்ந்திருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கொடுக்கும் மரியாதையை நம் ஆட்கள் அந்தச் சொல்லுக்கும் கொடுக்கிறார்கள். அது இடம் மாறிய மரியாதை. அதற்கு வருமுன் பழைய நம்பிக்கைகளைப் பார்த்துவிடலாம்.

‘உள்ளே வைத்த கம்பி துருப்பிடிக்கும்’

பயத்தில் நியாயம் இருக்கிறது. உடம்புக்குள் ஓடுவது உப்புநீர். சாதாரண இரும்பு அதில் தாங்காது. வீட்டு எவர்சில்வர் தட்டில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். எலும்புக்கு வைக்கும் 316எல் வகை எஃகில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. உப்பு குழி பறிப்பதைத் தடுப்பது அதன் வேலை. டைட்டானியம் இன்னும் ஒரு படி மேல். காற்று பட்டவுடன் அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் வந்துவிடும். கீறினால் மறுபடி தானே மூடிக்கொள்ளும். 1952இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார். கழற்ற முடியவில்லை; எலும்பு அதைப் பிடித்து வளர்ந்திருந்தது. இன்று ஆரணியிலும் வேலூரிலும் ‘ஸ்குரூ பல்’ வைக்கிறார்களே, அதன் தொடக்கம் அந்த முயல்தான்.

316எல் எஃகும் டைட்டானியமும் காந்தத்துக்கு இழுபடாதவை. அதனால், கம்பி வைத்தவர் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்பதும் சரியில்லை. படம் அந்த இடத்தில் கலங்கித் தெரியலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

‘பீங்கான் என்றால் உடையும்’

இதற்குப் பதில் தேடி அமெரிக்கா போக வேண்டாம். ஜவ்வாது மலையின் அந்தப் பக்கம், காவலூருக்குப் போனால் போதும். அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் முதன்மைக் கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். கண்ணாடி என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் வார்த்த ஜெரோடூர் என்னும் கண்ணாடிப் பீங்கான். பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அதைத் தேய்த்து மெருகேற்றினார்கள்.

அந்தப் பொருளின் வித்தை இதுதான்: கண்ணாடியாக வார்த்து, பிறகு பதமாகச் சூடேற்றி, உள்ளுக்குள் கோடிக்கணக்கான நுண்படிகங்களை விளையவைக்கிறார்கள். சூடு ஏறும்போது மிச்சமிருக்கும் கண்ணாடி விரியும், படிகங்கள் சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரு மீட்டர் இரும்பு 10 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும். ஜெரோடூர் அதில் நூறில் ஒரு பங்குகூட நீளாது. மலையில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறினாலும் கண்ணாடியின் வளைவு மாறாமல் இருப்பது இதனால்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை பிறந்தது ஒரு விபத்தில். 1953இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் தகட்டை 600 டிகிரியில் சூடாக்க அடுப்பில் வைத்தார். அடுப்பின் கட்டுப்பாடு கெட்டு 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகி ஓடியிருக்கும் என்று திறந்து பார்த்தால் வெள்ளையாக, வடிவம் கலையாமல் கிடந்தது தகடு. இடுக்கியில் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்து, உலோகம் மாதிரி ஒலித்தது, உடையவில்லை. கார்னிங் காப்புரிமைகளை வாங்கிக் குவித்தது. 1958இல் அந்தப் பொருள் அடுப்பிலேயே வைக்கக்கூடிய பாத்திரங்களாகக் கடைக்கு வந்தது. இன்று பல் மருத்துவர் வைக்கும் லித்தியம் டைசிலிகேட் தொப்பியும் அதே வம்சம்.

இடுப்பு மூட்டுக்குப் பீங்கானை முதலில் வைத்தவர் பிரான்சின் பியேர் பூத்தான், 1970இல். அது அலுமினா. அதைவிட எளிதில் உடையாதது ஜிர்கோனியா. 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் ரகசியத்தைச் சொன்னார்கள்: விரிசலின் நுனியில் இருக்கும் படிகங்கள் அழுத்தம் பட்டவுடன் வடிவம் மாறி, கன அளவில் சுமார் 4 சதவீதம் பெருத்து, விரிசலை நெருக்கி நிறுத்திவிடுகின்றன.

பீங்கான் உடையவே உடையாதா என்றால், உடையும். 2001இல் ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் ஜிர்கோனியா இடுப்புப் பந்துகள் சில தொகுதிகளில் நொறுங்கி, சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பொருள் அதேதான், சுடும் சூளையை மாற்றியிருந்தார்கள்.

‘கெட்டியானதுதான் உழைக்கும்’

இதை உடைத்தது திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம். எழுபதுகளின் இறுதியில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே செயற்கை இதய வால்வு செய்ய இறங்கினார்கள். இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் வால்வின் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது என்பதற்காகச் செயற்கை நீலக்கல்லில், அதாவது படிக அலுமினாவில், தட்டு செய்து பார்த்தார்கள். தட்டு தேயவில்லை, அதைத் தாங்கிய டைட்டானியம் தேய்ந்தது. தாங்கியைக் கோபால்ட் கலப்புலோகமாக மாற்றினார்கள். சோதனைக் கூடத்தில் நன்றாக ஓடியது. பொருத்திய ஆடுகளில் ஒன்று மூன்று மாதம் கழித்துத் திடீரென்று செத்தது. நீலக்கல் தட்டு உடைந்திருந்தது. இதோடு மூன்று மாதிரிகள் போயின. நான்காவதில் ஒரு வகைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் தட்டு வைத்தார்கள். அதுதான் நின்றது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தியாயிற்று.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லியும் இடுப்பு மூட்டில் முதலில் டெஃப்லானை வைத்துத் தோற்று, 1962இல் இதே பாலிஎத்திலீனுக்குத்தான் வந்து சேர்ந்தார். எந்தப் பொருள் கெட்டி என்று கேட்பதைவிட, எது எதோடு உரசப் போகிறது என்று கேட்பது புத்திசாலித்தனம்.

‘பேடண்ட் என்றால் ரகசியம், விலையும் அதனால்தான்’

நேர் எதிர். செய்முறையை முழுதாக எழுதிக் கொடுத்தால்தான் காப்புரிமை கிடைக்கும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிவிடும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு பிறர் அதைச் செய்து விற்கக் கூடாது, அதுவும் காப்புரிமை பெற்ற நாட்டுக்குள் மட்டும். ஜெரோடூரின் முதல் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. இருந்தும் பெரிய வில்லை வேண்டுபவர்கள் இன்னும் ஷாட்டின் கதவைத்தான் தட்டுகிறார்கள். மாதக் கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடும் பக்குவம் காகிதத்தில் ஏறாதது.

விலைக்கு வேறு கணக்கு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் கோபால்ட்-குரோம் முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தார்கள். எந்தக் காப்புரிமையும் அன்று முடியவில்லை. இடையில் இருந்த லாபம் குறைந்தது.

புத்தூர்க் கட்டுக்கும் பேடண்ட் உண்டு என்பார்கள். வழிவழியாக வந்த அறிவுக்கும் சிகிச்சை முறைக்கும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு காப்புரிமை தருவதில்லை.

‘பேடண்ட் இருந்தால் அரசே கேரண்டி’

காப்புரிமை அலுவலகம் மூன்றைத்தான் பார்க்கிறது: புதிதா, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா. உடம்புக்கு ஆகுமா என்பது அதன் கேள்வியே இல்லை. அதைப் பார்ப்பது 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. தோற்றுப்போன நீலக்கல் தட்டுகூடக் காப்புரிமை கேட்டிருந்தால் வாங்கியிருக்கலாம்.

உரிமம் பெற்ற பொருளும் தவறலாம். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனம் செய்த ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டில் உலோகமும் உலோகமும் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் உடம்பில் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அதை வைத்திருந்தார்கள். 2018இல் அரசுக் குழு 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுத்தபோது, அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அதனால் அடுக்கம்பாறையோ சி.எம்.சி.யோ, அறுவை முடிந்ததும் உள்ளே வைத்த பொருளின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் பெயர், மாடல், தொகுதி எண் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டி, ஒரு நகல் எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.