ஓடாத படங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? அக்காவின் டிப்ஸ்

தங்கச்சிமாரே, தம்பிமாரே, ரீவியில் போடுகிற படத்தையும் போனில் தானாக வந்து நிற்கிற படத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், நம் மலையையும் நம் சனத்தையும் பற்றி எடுத்த படங்கள் உங்கள் கண்ணில் படவே படாது. அவற்றுக்கு விளம்பரம் கிடையாது. பல படங்கள் தியேட்டரில் ஒரு வாரம் தாண்டியிருக்காது. ஆனாலும் பார்த்தவர்கள் மறக்க முடியாமல் அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லியே அவை உயிரோடு இருக்கின்றன. அந்தச் சொல்கிற வேலையை இனி நீங்களும் செய்ய வேண்டும்.

தேடலைப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். நம் சப்ரகமுவவில் நிற்கிற சிவனொளிபாத மலையில் சனங்கள் ஏறுகிற காட்சி முற்பகுதியிலேயே வருகிற ஒரு படம் இருக்கிறது: 'சோங் ஒஃப் சிலோன்'. 1934இல் பசில் ரைட் எடுத்தது, முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. பின்னணியில் லயனல் வென்ட் வாசிப்பது ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி 1681இல் அச்சிட்ட புத்தகத்திலிருந்து. படம் அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தேயிலைக் காசில் எடுத்த படத்தில் கொழுந்தெடுக்கிறவளின் கதை எங்கே என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். கித்துல்கலையில் எடுத்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' 7 ஒஸ்கார் வாங்கிய படம், அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, படத்தின் பேரை விட்டுவிட்டு ஆளின் பேரைப் பிடியுங்கள். ஒரு படம் மனதில் நின்றால் அதை எடுத்தவர் யார், எழுதியவர் யார், கமரா யார் என்று பார்த்து, அவர்கள் செய்த மற்றப் படங்களைத் தேடுங்கள். தர்மசேன பத்திராஜவின் சிங்களப் படம் 'பம்பரு அவித்' (1978) பலருக்குத் தெரியும். அவர் பேரைப் பிடித்துப் போனால் அதற்கு முந்திய வருஷம் அவர் தமிழில் எடுத்த 'பொன்மணி' கையில் வரும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சீதனம், சாதி. எழுதியவர் காவலூர் இராசதுரை. வந்த காலத்தில் அது ஓடவில்லை, இன்றைக்கு இலங்கைத் தமிழ்ப் படங்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலாவதே அதுதான். தமிழ்நாட்டில் அப்படிப் பேரைப் பிடித்துத் தேட வேண்டிய இயக்குநர் ருத்ரையா. இரண்டே படம் எடுத்தார். 1978 தீபாவளிக்கு வந்த 'அவள் அப்படித்தான்' படத்தில் ரஜினியும் கமலும் இருந்தும், மனதில் நிற்பது ஸ்ரீபிரியா நடித்த மஞ்சுதான்.

போனில் தேடும்போது தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு மூன்று விதமாகப் பேரை அடித்துப் பாருங்கள், கூடவே வருஷத்தையும் இயக்குநர் பேரையும் போடுங்கள். ஒரே பேரில் நாலு படம் இருக்கும். டவுனுக்குப் போகிற நாளில் வைஃபை கிடைத்தால், இறக்கிவைக்க அனுமதி உள்ள தளத்தில் அங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள், லயத்தில் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டியதில்லை. எந்தப் படத்தைத் தேடுவது என்றே தெரியாவிட்டால் தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' புத்தகத்தை எடுங்கள். நம் நாட்டில் தமிழில் என்னென்ன படம் வந்தது, யார் யார் பாடுபட்டார்கள் என்று அதில் இருக்கிறது.

இனி, தேடிப் பிடித்ததை மற்றவருக்குச் சொல்வது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பத்துப் படத்தின் பேரை ஒரேயடியாக அனுப்பினால் ஒருவரும் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு படம், அதுவும் அந்த ஆளின் வாழ்க்கைக்குக் கிட்ட உள்ள படம். நாள் முழுக்க ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அப்பாவிடம் "உலகத்தரமான படம்" என்று சொல்லிப் பயனில்லை. "ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒரு ஆள், சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்க ஆசைப்படுகிறான்" என்று சொல்லுங்கள். அவரே ரீவிக்கு முன்னால் வந்து உட்காருவார். அதுதான் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்தில் உழைத்தும் காணி உறுதி இல்லாத நம் சனத்துக்கு அந்தக் கதையை விளக்கவே தேவையில்லை. முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எது இருக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். 'அந்த நாள்' (1954) சிவாஜி படம், ஆனால் ஒரு பாட்டுகூட இல்லை. அம்மாவுக்கு அது முதலிலேயே தெரிந்தால் பாட்டுக்குக் காத்திராமல் கொலைகாரனைத் தேடத் தொடங்கிவிடுவார். 'ஆரண்ய காண்டம்' (2011) அருமையான படம், ஆனால் இரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய, சின்னப் பிள்ளைகள் இருக்கிற காம்பராவில் போடாதீர்கள். மெதுவாகப் போகிற படத்தைப் பெரட்டுக்குப் போகிற நாளுக்கு முந்திய இரவில் போடாமல் போயா தினப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்த கையோடு "எப்படி, நல்லாயிருக்கா?" என்று நச்சரிக்கவும் வேண்டாம். மறுநாள் அவர்களாகவே ஒரு காட்சியைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து எந்தப் படத்தைச் சொல்லலாம் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு தேடினாலும் கைக்கு வராத படங்களும் உண்டு. 1963இல் வந்த 'தோட்டக்காரி', தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' (1975) இரண்டும் தோட்டத்து மக்களின் கதை. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குச் சில பிரதிகள்தான் போட்டார்கள். 1983 ஜூலை இனக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்துபோயின. இந்தப் படங்களைத் தியேட்டரில் பார்த்தவர்கள் நம் லயங்களில் இன்னமும் இருக்கிறார்கள். அப்பாயியிடமும் தாத்தாவிடமும் கேளுங்கள். எந்த டவுனில் பார்த்தார்கள், யாரோடு போனார்கள், எந்த இடத்தில் சனம் கைதட்டியது என்று அவர்கள் சொல்லச் சொல்லப் போனில் பதிந்துவையுங்கள். தகரப் பெட்டிக்குள் பழைய பாட்டுப் புத்தகமோ நோட்டீசோ கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தெளிவாகப் படம் எடுத்து 'நூலகம்' என்கிற இணைய நூலகத்துக்கு அனுப்புங்கள்.