மனிதவளச் சான்றிதழ்த் தேர்வும் அதற்கான படிப்பும்



மனிதவளத் துறையில் சான்றிதழ் என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. சில வாரம் வகுப்புக்கு வந்தவருக்குப் பயிற்சி நிறுவனம் தருவது ஒன்று. மற்றது, தேர்வர் எங்கே படித்தார் என்று கேட்காமல் பொதுவான தேர்வு வைத்து, தேறியவருக்கு மட்டும் வழங்கப்படுவது. இதைக் குறித்த காலத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். தொழில்முறைச் சான்றிதழ் என்று வேலை தருபவர்கள் மதிப்பது இந்த இரண்டாவது வகையை. உலகெங்கும் அதிகம் பேசப்படும் அமெரிக்கச் சான்றிதழ்கள் இதில் அடங்கும்.

அமெரிக்காவில் இந்தத் துறையினரின் சங்கம் 1948இல் தொடங்கியது. 1989இல் அது எஸ்.எச்.ஆர்.எம். என்று பெயர் மாறியது. துறைக்குள் ஷெர்ம் என்றே சொல்வார்கள். தேர்வு நடத்துவதற்கென்று அந்தச் சங்கத்தின் ஆதரவோடு 1970களில் உருவான தனி அமைப்பு எச்.ஆர்.சி.ஐ. பல ஆண்டுகள் இரண்டும் இணைந்தே நடந்தன. 2014இல் ஷெர்ம் தனக்கென்று தனிச் சான்றிதழை அறிவித்தது. அடுத்த ஆண்டே முதல் தேர்வை நடத்தியது. இன்று இரண்டு அமைப்புகளின் சான்றிதழ்களும் சந்தையில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

எச்.ஆர்.சி.ஐ.யின் அடிப்படைத் தேர்வு ஏ.பி.எச்.ஆர். அதற்கு முன் அனுபவம் தேவையில்லை. அடுத்த படியான பி.எச்.ஆர். எழுத, இளநிலைப் பட்டதாரிக்கு மனிதவளத் துறையில் இரண்டு ஆண்டு, முதுநிலைப் பட்டதாரிக்கு ஓர் ஆண்டு, பட்டம் இல்லாதவருக்கு நான்கு ஆண்டு அனுபவம் வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே வேலை செய்பவர்களுக்காகப் பெயரின் இறுதியில் 'ஐ' சேர்த்த தேர்வுகள் இருக்கின்றன. அவற்றில் அமெரிக்கச் சட்டம் கேட்கப்படுவதில்லை. ஷெர்ம் நடத்துபவை இரண்டு: நடைமுறைப் பணியில் இருப்பவருக்கு சி.பி., கொள்கை வகுக்கும் நிலையில் இருப்பவருக்கு எஸ்.சி.பி. பிரிட்டனின் சி.ஐ.பி.டி. வழி வேறு. ஒரே நாள் தேர்வுக்குப் பதிலாக, பாடப் பிரிவுகளைப் படித்துக் கட்டுரைகளும் ஒப்படைப்புகளும் எழுதி மூன்று, ஐந்து, ஏழு என்ற நிலைகளில் அங்கே ஏற வேண்டும். இலங்கையில் சி.ஐ.பி.எம். என்ற பட்டய நிறுவனம் 1959 முதல் இயங்கி வருகிறது.

கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் நூற்றுக்கணக்கான டாலர் கட்டி இவற்றில் ஒன்றை எழுதுவது பெரும்பாலும் வீண் செலவு. ஒரு தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ ஓரிரு ஆண்டு சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுப்புக் கணக்கு, ஆள்சேர்ப்பு என்று கைபட வேலை செய்தவருக்குத் தேர்வின் கேள்விகள் பழகிய முகங்களாகத் தெரியும். அந்த அனுபவம் இல்லாதவர் மனப்பாடத்தை நம்பியே தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும்; இந்தத் தேர்வுகளில் அது பாதி தூரத்துக்கு மேல் உதவாது.

காரணம், கேள்விகளின் அமைப்பு. ஷெர்ம் சி.பி. தேர்வில் 134 கேள்விகள். அவற்றில் 54 சூழ்நிலைக் கேள்விகள்: ஒரு பணியிடச் சிக்கலைச் சொல்லி, நான்கு விடைகளைத் தந்து, மிகப் பயனுள்ள நடவடிக்கை எது என்று கேட்பவை. நான்கும் முதல் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். எது சிறந்தது என்பதை அனுபவமுள்ள மனிதவள அலுவலர்களின் குழு முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறது. மொத்தத்தில் 24 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. பின்னால் வரும் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை அவை. எவை என்று தேர்வருக்குத் தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எதையும் விடையளிக்காமல் விடக்கூடாது.

இத்தகைய கேள்வி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரு பெண் ஊழியர் மனிதவள அலுவலரிடம் வருகிறார். மேலாளர் தன்னிடம் முறைகேடாகப் பேசுகிறார் என்று சொல்ல வேண்டும். ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முதலில் வாக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். இரக்கத்தில் வாக்குக் கொடுப்பது ஒரு விடை. உடனே மேலாளரைக் கூப்பிட்டு விசாரிப்பது இன்னொன்று. எழுதிக் கொண்டுவந்தால்தான் கேட்க முடியும் என்று திருப்பி அனுப்புவது மூன்றாவது. எந்த அளவுக்கு ரகசியம் காக்க முடியும், எங்கே முடியாது என்பதை நேர்மையாகச் சொல்லி, பொறுமையாகக் கேட்டு, விசாரணை முறையை விளக்குவது நான்காவது. நான்காவதுதான் சரி. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்த அலுவலர் பிறகு விசாரணையைத் தொடங்கினாலும் தவறு செய்தவராகிறார். தொடங்காவிட்டாலும் தவறு செய்தவராகிறார். ஊழியர் பக்கமா, நிறுவனத்தின் பக்கமா என்று கணக்குப் போடுபவருக்கு இந்தக் கேள்விகளில் விடை கிடைக்காது; முறையான, நியாயமான வழி எது என்று தேடுபவருக்குக் கிடைக்கும்.

இதே சிக்கல் சென்னையிலோ கோவையிலோ நடந்தால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும். எழுத இயலாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகார் தந்தவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது. அமெரிக்கத் தேர்வு கற்றுத்தரும் நிதானமும் இந்தியச் சட்டம் வகுக்கும் வழியும் இங்கே ஒத்துப்போகின்றன.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அமெரிக்காவில், மொன்டானா மாநிலம் நீங்கலாக, பெரும்பாலான தனியார் ஊழியரை எந்தக் காரணமும் சொல்லாமல் வேலையை விட்டு அனுப்பலாம். பாகுபாடு போன்ற சட்டவிரோதக் காரணம் மட்டும் இருக்கக்கூடாது. அங்கே எழுதப்படும் பாடநூல்கள் இந்த அனுமானத்தின் மேல் நிற்பவை. இந்தியாவில் ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை என்றால் சார்ஜ் மெமோ, உள் விசாரணை, தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு எல்லாம் உண்டு. வெளிநாட்டுச் சான்றிதழோடு இந்த அறிவும் சேராவிட்டால், தேர்வில் தேறியவர் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிறுவனத்தைச் சிக்கவைப்பார். அதற்கு முன்பே ஒரு தொழிலாளியின் வாழ்வைக் குலைத்திருப்பார்.

உள்ளூர்ச் சட்டத்தைப் பழைய கையேட்டில் படிப்பதும் ஆபத்து. 29 மத்தியச் சட்டங்களை ஒன்றுதிரட்டிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, சம்பளக் கணக்கிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சிய தொகை சம்பளமாகவே கணக்கில் சேரும். கிராஜுவிட்டிக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. பத்து ஆண்டு வேலை செய்தவரின் கடைசிச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, மறுபடி பத்தால் பெருக்க வேண்டும்: ஒன்றரை லட்சம் ரூபாய். சூத்திரம் பழையதுதான், சம்பளம் என்று எதை எடுப்பது என்பதுதான் மாறியிருக்கிறது. குறித்த காலப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு காத்திருப்பும் இனி இல்லை. ஓர் ஆண்டு போதும்.

இந்த வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பெற்றிருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எந்தப் பதவிக்கும் கேட்பதில்லை. சட்டமே தகுதி வகுத்திருக்கும் பதவி தொழிலாளர் நல அலுவலர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளுக்கு அந்த அலுவலரைக் கட்டாயமாக்கியது. புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தின் தொழிலாளர் மேலாண்மைப் படிப்புகள் இப்பதவிக்கு உரியவை. ஆலைப் பணியை நாடுபவருக்கு அந்தப் படிப்பே முதலில் தேவை. பன்னாட்டு நிறுவனத்தில் பல நாட்டு ஊழியரோடு வேலை செய்ய நினைப்பவருக்கு ஷெர்ம் அல்லது எச்.ஆர்.சி.ஐ. சான்றிதழ் கதவைத் திறக்கும்.

தயாரிப்பைத் தேர்வு அமைப்பே வெளியிடும் பாடத்திட்ட வரைவிலிருந்து தொடங்க வேண்டும்; பயிற்சிப் புத்தகம் அதற்கு அப்புறம். வரைவில் ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அன்றாட வேலையில் கைவைக்காத பிரிவுக்கே அதிக நேரம் ஒதுக்குவது நல்லது. சம்பளப் பிரிவில் இருப்பவர் பயிற்சி, திறன் வளர்ப்புப் பகுதியில் தடுமாறுவது வழக்கம். மாதிரிக் கேள்விகளைப் போடும்போது சரியான விடையைப் பார்த்துவிட்டு நகரக்கூடாது. மற்ற மூன்றும் ஏன் பின்தங்கின என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிப் பார்ப்பதுதான் சூழ்நிலைக் கேள்விகளுக்கான உண்மையான பயிற்சி.

தேறிய பிறகு, ஷெர்ம் சான்றிதழுக்கும் பி.எச்.ஆருக்கும் மூன்று ஆண்டில் 60 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், அல்லது தேர்வை மறுபடி எழுத வேண்டும். கருத்தரங்குகள், வகுப்புகள், பாடம் நடத்துவது, பணியிடத்தில் புதிய திட்டத்தை நடத்திக் காட்டுவது ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. சில விண்ணப்பங்கள் தணிக்கைக்கு எடுக்கப்படுவதால், பங்கேற்புச் சான்றுகளையும் தேதிகளையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது அவசியம்.