ஆவணியில் வரலாமா, ஐப்பசியில் வரலாமா?

“ஆடி கழியட்டும், ஆவணியில வந்துடு.” வெளிநாட்டில் வாத்தியார் வேலை பார்க்கும் பிள்ளை ‘ஒப்பந்தம் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுகிறேன்’ என்று சொன்னால், திண்டிவனம் அருகே கிளியனூர்ப் பக்கம் பெரியவர்கள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இது. நாள் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ஊர் திரும்புகிறவரின் விஷயத்தில் வருமான வரிக்காரர் பார்க்கும் நாள் வேறு, வங்கி பார்க்கும் நாள் வேறு, பள்ளிக்கூடம் பார்க்கும் நாள் வேறு. பஞ்சாங்கத்தில் இது எதுவும் இருக்காது. அந்த இடத்தில்தான் டீக்கடை ஆலோசனைகள் நுழைந்துவிடுகின்றன.

மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள தீவுப் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக நம்மவர்கள் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் நடத்தி வருகிறார்கள். அப்படி எட்டுப் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் காதில் விழும் முதல் நம்பிக்கை: “வந்த வருஷமே அங்க வாங்குன சம்பளத்துக்கும் இங்க வரி கட்டணும்.”

கட்ட வேண்டியதில்லை. நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே தங்கியிராதவர் வெளிநாடு வாழ்பவராகவே கருதப்படுவார். வருடம் ஒரு மாத விடுமுறைக்கு மட்டும் வந்து போனவருக்கு இது பொருந்தும். ஐப்பசியில் வந்து இறங்கினால், இடையில் நீண்ட லீவில் வந்திராவிட்டால், கணக்கு 182-க்குள் அடங்கிவிடும். ஆவணியில் வந்தால் தாண்டிவிடும். தாண்டினாலும் பதற வேண்டாம். முந்தைய 7 ஆண்டுகளில் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவருக்கு ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்று ஓர் இடைநிலை உண்டு. பெரும்பாலோருக்கு அது இரண்டு ஆண்டு கிடைக்கும், சிலருக்கு மூன்று. அதுவரை வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. சேமிப்பைக் கொண்டுவருவது வருமானமே அல்ல.

இதைக் கேட்டதும் அடுத்த நம்பிக்கைக்குத் தாவிவிடுகிறார்கள்: “அப்ப என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கும் வரி கெடையாது.” இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெளிநாடு வாழ்பவருக்கான வங்கிக் கணக்குதான் என்.ஆர்.இ. அதன் வட்டிக்கான விலக்கு, வரிச் சட்டத்தின் நாள் கணக்கைப் பார்ப்பதில்லை. அந்நியச் செலாவணிச் சட்டம் உங்களை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பார்க்கிறது. அந்தச் சட்டத்துக்கு 182 நாள் காத்திருக்கும் வழக்கமில்லை. இனி இங்கேதான் என்று வந்து இறங்கியதுமே நீங்கள் உள்ளூர்க்காரர். வங்கிக்குச் சொல்லிக் கணக்கை மாற்ற வேண்டும். அந்த நாளிலிருந்து வட்டிக்கு வரி. டெபாசிட்டை உடைக்கத் தேவையில்லை, பேசிய வட்டி முதிர்வு வரை வரும். டாலரில் இருந்த பணத்தை, திரும்பி வந்தவர் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்.எஃப்.சி. கணக்கில் வைத்தால், இடைநிலை நீடிக்கும்வரை அதன் வட்டிக்கு வரி இல்லை. மேலாளரே மாற்றிவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

தங்கம் பற்றிச் சுருக்கமாக. “ஒரு கிலோ கொண்டாரலாம்” என்பது பாதி உண்மை. தீர்வை கட்டினால் கொண்டுவரலாம். தீர்வையின்றி வருவது, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். அதுவும் நகையாக மட்டும். நாணயமும் பிஸ்கட்டும் கணக்கில் சேராது.

நிலம்தான் நம் பக்கத்துப் பெரிய ஆசை. திண்டிவனம்–புதுச்சேரி சாலையை ஒட்டி இருந்தால் ஆசைக்குக் கேட்கவே வேண்டாம். “அங்க இருந்தபடியே பவர் குடுத்து ரெண்டு ஏக்கர் புஞ்சை வாங்கிப் போட்டுடு” என்பார்கள். வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பவர் கொடுத்தாலும் முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். வீடும் மனையும் வாங்கத் தடையில்லை. ஆனால் 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லா மனையை யாராலும் பதிய முடியாது. சிலர் அப்பா பெயரில் வாங்குகிறார்கள். பணத்தை அவருக்குக் கொடுத்து அவர் வாங்கினால் அது அவருடைய நிலம். உயில் எழுதாமல் அவர் போய்விட்டால் அம்மாவுக்கும் அண்ணன் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. சேமித்தவருக்குக் கிடைப்பதும் ஒரு பங்குதான். நிரந்தரமாக ஊர் திரும்பிய பிறகு சொந்தப் பெயரிலேயே வாங்கலாம். சில மாதம் பொறுப்பதில் புஞ்சை எங்கும் ஓடிவிடாது.

இனி வேலை. “எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு இருபது வருஷம் ஆச்சு, சீனியாரிட்டி இருக்கு.” அந்தக் காலம் 2012-ல் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வோடு (டெட்) போயிற்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காத அட்டைக்கு முன்னரும் மதிப்பில்லை.

“வெளிநாட்டு அனுபவம் இருந்தா டெட் வேண்டாம்.” வேண்டும். 1 முதல் 8 வரை வகுப்பெடுக்க அது கட்டாயம், தனியார் பள்ளியிலும்தான். 2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களையே 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெறச் சொல்லிவிட்டது. சிறுபான்மையினர் பள்ளிகள் குறித்த கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. அதே நேரம், “2013-ல பாஸ் பண்ணது காலாவதி ஆயிடுச்சு” என்பதும் பொய். 2021-ல் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தார்கள், 2011 முதலே அமலாகும்படி.

“வயசு தாண்டிடுச்சு” என்று ஒதுங்கவும் வேண்டாம். நேரடி நியமனத்துக்கு 2023-ல் உச்ச வயதைப் பொதுப்பிரிவுக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தினார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை, போட்டித் தேர்வு உண்டு. அதில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் பாட விடைத்தாளையே மதிப்பிடுவார்கள். மாலத்தீவில் ஓ லெவல் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நடத்திப் பழகிய இயற்பியல் ஆசிரியருக்கு இடறும் இடம் இதுதான், இயற்பியல் அல்ல.

தனியார் பள்ளிகள் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆள் எடுக்கின்றன. ஐப்பசியில் வந்தால் வரிக்கு நல்லது, வேலைக்கு ஆகாது. என்னைக் கேட்டால், அடுத்த ஏப்ரல் வரை ஐந்தாறு மாதச் சம்பளத்தை விட்டு வரிக்கு நாள் எண்ணுவது கட்டுபடியாகாது. மே மாதமே வந்துவிடலாம். அனுபவச் சான்றிதழை மட்டும் தீவை விட்டுக் கிளம்புமுன் பள்ளி முத்திரையோடு கையில் வாங்கிவிட வேண்டும். 2018-க்கு முன்னால் போனவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அவர்கள் நடத்திய பிளஸ் டூ புத்தகம் இப்போது இல்லை. 2018-19 முதல் பாடநூல்கள் படிப்படியாக மாறிவிட்டன. புதியவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும். தீவில் உட்கார்ந்தே படிக்கத் தொடங்கலாம்.